ஐந்தாம் எண்ணின் நெஞ்சுத் துடிப்பு

அந்தக் கால்பந்துக் குழுவில் யார் ஓடினார்கள், யார் ஓடினதாகப் பேர் பண்ணினார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு டப்பி வந்து சேர்ந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஆட்டக்காரர்கள் சட்டைக்கு உள்ளே இறுக்கமாகப் போடுகிற கறுப்பு பனியனில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே ஒரு பை தைத்திருக்கும். டப்பி அதற்குள் குந்திக்கொள்ளும். நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டி. எத்தனை தூரம் ஓடினான், எத்தனை தடவை பாய்ந்தான், எத்தனை தடவை திரும்பினான் என்று டப்பி சொல்லும். இதயம் எப்படி அடித்தது என்று பட்டி சொல்லும். ஆட்டக்காரன் வாயைத் திறந்து சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. சொன்னாலும் கேட்க ஆளில்லை.

பனியன்களைத் துவைப்பது அக்காவின் வேலை. ஐம்பத்திரண்டு வயது அவளுக்கு. புல் வெட்டுகிறவர் முதல் தலைவர் வரை எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கூடப்பிறந்த உரிமையில் அப்படிக் கூப்பிடுகிறவன் ஒருவன்தான். அவன் ஐந்தாம் எண். பின்வரிசையில் நிற்பவன். நிற்பவன் என்றால் ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை, நின்றுகொண்டே இருப்பவன். அதனால் அவனுக்குத் தூண் என்று பேர்.

பந்து எங்கே வரப்போகிறது என்று தூணுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. மற்றவர்கள் நாக்குத் தள்ள ஓடி வருவார்கள். இவன் நாலு அடி இடப்பக்கம் நகர்ந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி நிற்பான். பந்து வந்து அவன் காலடியில் இறங்கும். பதிமூன்று வருஷமாக இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

டப்பிக்கு இது பிடிக்கவில்லை.

புதிதாக வந்த பயிற்சியாளரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அவருக்குப் பந்து என்றால் கொஞ்சம் சந்தேகம். எண் என்றால் நம்பிக்கை. நடைவழியில் ஒரு பெரிய திரையை மாட்டினார். யார் எவ்வளவு உழைத்தார்கள் என்று அன்றன்றைக்கு அதில் வரும்; வெள்ளிக்கிழமை வாரக் கணக்கை முடிப்பார்கள். கோட்டுக்கு மேலே இருந்தால் பச்சை, கீழே இருந்தால் சிவப்பு. இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் சிவப்பு வந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். எண்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணி இருந்தாள். மீட்டர் மேடம் என்று பேர் வைத்திருந்தார்கள். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை.

முதல் வாரமே தூண் சிவப்பு. ஒட்டுமொத்தக் குழுவிலும் அடிமட்டம்.

“கோல்கீப்பரே உன்னைவிட முந்நூறு மீட்டர் கூட ஓடியிருக்கான்டா,” என்றான் பக்கத்தில் ஆடுகிற நெட்டையன்.

“அவன் பந்தை எடுக்க வலைக்குள்ள போய்ட்டு போய்ட்டு வந்தான்,” என்றான் தூண். “நான் பக்கத்துல நின்னப்ப அந்த வேலை அவனுக்கு வரல.”

இரண்டாவது வாரமும் புதன்கிழமை வரைக்கும் சிவப்புதான். முப்பத்தைந்து வயதுக் காலை எடுத்துக்கொள்ள வேறு குழு கிடையாது. வேறு தொழிலும் அவனுக்குத் தெரியாது. ஏழு வயதில் அம்மா போனதிலிருந்து அவனை வளர்த்தவள் அக்கா. அன்று சாயந்திரம் அவன் பனியனோடு சலவை அறைக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

“ஓடித் தொலையேன்டா. கால் ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?”

“எதுக்குக்கா ஓடணும்? பந்து அங்க இல்லையே.”

“பந்துக்காகவா ஓடச் சொல்றாங்க? டப்பிக்காக ஓடு.”

“நான் ஓடினா பந்து வர்ற இடத்துல நான் இருக்க மாட்டேன்க்கா.”

“வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நீ எந்த இடத்துலயும் இருக்க மாட்டே. அப்ப வந்து சொல்லு எங்கிட்ட, பந்து பந்துன்னு.”

அவன் பனியனைக் கூடையில் போட்டுவிட்டுப் போய்விட்டான். அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. இயந்திரத்தில் போடுமுன் இருபத்திரண்டு பனியன்களையும் ஒவ்வொன்றாக நீவி, முதுகுப் பையைத் தடவிப் பார்ப்பாள். டப்பியையும் பட்டியையும் கழற்றாமல் போடுகிற சோம்பேறிகள் ரெண்டு பேராவது இருப்பார்கள். அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் இருபத்தொன்றைத் தடவினாள். தம்பியின் பனியனைத் தொடவே பிடிக்கவில்லை. உருளும் பந்தைக் காலால் உள்ளே தள்ளுவதுபோல ஒரு தள்ளு தள்ளி, கதவைச் சாத்தி, அழுக்கு அதிகமுள்ள துணிகளுக்கான நீளச் சுற்றை அமுக்கினாள். ஒரு மணி ஐம்பது நிமிஷம். பிழியும்போது அந்த இயந்திரம் தரையே அதிரும்படி ஆடும்.

மறுநாள் காலை திரையின் முன்னால் கூட்டம். தூண் முதலிடம். அவனுக்குக் கீழே இருந்தவன் அவனுடைய கால்வாசிகூட இல்லை. பதினான்கு கிலோமீட்டர். ஒன்பதாயிரம் திருப்பங்கள்.

மாஸ்டர் குழுவை வரிசையாக நிற்க வைத்தார்.

“நேத்து சாயங்காலம் நீங்கல்லாம் வீட்டுக்குப் போனீங்க. இந்த மனுஷன் போகல. தனியா, யாருக்கும் தெரியாம, கட்டடத்துக்குப் பின்னாடி ரெண்டு மணி நேரம் பயிற்சி பண்ணியிருக்கார்.”

“ரொம்பச் சின்ன இடத்துல சார்,” என்றாள் மீட்டர் மேடம். “அரை மீட்டர் வட்டத்துக்குள்ள.”

“அதைத்தான் சொல்றேன். இடம் இல்லைன்னு அவர் சாக்குச் சொல்லல.”

எல்லோரும் தூணைப் பார்த்தார்கள். தூண் தன் கால்களைப் பார்த்தான், அவை தனக்குத் தெரியாமல் எங்காவது போய்வந்தனவா என்பதுபோல.

“ஒரே ஒரு விஷயம் சார்,” என்று மீட்டர் மேடம் குரலைத் தாழ்த்தினாள். “இதயத் துடிப்பு பூஜ்யம்.”

“பட்டி கழண்டிருக்கும்.”

“கழண்டிருந்தா வெறும் கோடு வரும் சார். இது பூஜ்யம். பட்டி நல்லா வேலை செஞ்சிருக்கு. இதயம்தான் வேலை செய்யல.”

“மூச்சு விடாம உழைக்கிறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன்,” என்றார் மாஸ்டர். “இப்பத்தான் பார்க்கிறேன்.”

மாஸ்டருக்குப் போதும். மைதானத்து டாக்டருக்குப் போதவில்லை. அவர் முறைப்படி நடக்கிறவர். தூணை மேசைமேல் உட்காரவைத்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

“அறுபத்திரண்டு. நல்லா இருக்கு.”

“அப்ப சனிக்கிழமை ஆடலாமா டாக்டர்?”

“எப்படி ஆட முடியும்? ரிப்போர்ட்டுப்படி நீங்க உயிரோட இல்லையே.”

“உங்க முன்னாடிதானே உட்கார்ந்திருக்கேன்.”

“உட்கார்ந்திருக்கீங்க, நான் மறுக்கல. ஆனா என் விரல் சொல்றதும் காகிதம் சொல்றதும் ஒத்துப்போகணும். இறந்த ஒருத்தரை மைதானத்துல இறக்கினா நாளைக்கு யாராவது என்னைத்தான் கேட்பாங்க. இன்னிக்கும் அதே மாதிரி சாயங்காலப் பயிற்சி பண்ணுங்க. துடிப்பு வரட்டும். கையெழுத்துப் போட்டுடறேன்.”

தூண் நேரே சலவை அறைக்கு வந்தான். அக்கா அவன் சொன்னதைக் கேட்டாள். பனியன் கூடையைப் பார்த்தாள். பிறகு இயந்திரத்தின் வட்டக் கண்ணாடியைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவனுக்கும் விளங்கிவிட்டது.

“அக்கா, இது வேணாம். நான் போய் உள்ளதைச் சொல்லிடறேன்.”

“என்னன்னு சொல்வே? என்னைவிட வாஷிங் மெஷின் நல்லா ஆடுதுன்னா? சனிக்கிழமை அதுக்குப் பூட்ஸ் மாட்டுவாங்க. சும்மா இரு. பச்சை வந்தாச்சு. துடிப்புதானே பாக்கி?”

“மெஷினுக்குத் துடிப்புக்கு எங்க போறது?”

“எனக்கு ஒண்ணு இருக்கே,” என்றாள் அக்கா.

வியாழக்கிழமை சாயந்திரம் அப்படியே செய்தார்கள். டப்பி பனியனுக்குள், பனியன் இயந்திரத்துக்குள். நெஞ்சுப் பட்டி அக்காவின் வேலை அங்கிக்குள். இந்தத் தடவை மென்மையான துணிக்குரிய சுற்றைத்தான் வைத்தாள். ஆசை பேராசையாகிவிடக் கூடாது பாருங்கள். பட்டியும் டப்பியும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால்தான் பேசிக்கொள்ளும் என்று தூண் சொல்லியிருந்தான். அதனால் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, இயந்திரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். ஓட்டம் அதனுடையது, நெஞ்சு இவளுடையது. இரண்டும் சேர்ந்து ஒரு பின்வரிசை ஆட்டக்காரன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஆனால் மாஸ்டர் தன் காருக்குப் போகிற வழி சலவை அறை வாசல்தான். ஷூ சத்தம் டக் டக்கென்று வந்தது. அக்காவுக்குத் திக்கென்றது. சத்தம் கடந்து போனதும் ஆறுதலாக மூச்சு விட்டாள். மாஸ்டர் சாவியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார். மறுபடி திக். சாவியை எடுத்துக்கொண்டு போகிறபோது வாசலில் நின்று எட்டியே பார்த்துவிட்டார்.

“என்னக்கா, மெஷினைக் கட்டிப்பிடிச்சிட்டு உட்கார்ந்திருக்கீங்க?”

“இடுப்பு வலி சார். இது ஆடுறது இதமா இருக்கு.”

“நல்லது நல்லது,” என்று சொல்லிப் போனார். அவர் போன பிறகும் அக்காவின் நெஞ்சு அடங்குவதற்கு வெகுநேரம் ஆனது.

வெள்ளிக்கிழமை தூணை அறைக்குள் கூப்பிட்டார்கள். மாஸ்டர், மீட்டர் மேடம், டாக்டர் மூன்று பேரும் ஒரு திரையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டரின் கண் கலங்கியிருந்தது.

“நானும் ஒரு டப்பி போட்டிருக்கேன், எல்லாருக்கும் முன்மாதிரியா,” என்றார். “மேடம் ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் பார்த்திருக்காங்க. நீங்களே சொல்லுங்க மேடம்.”

“எழுபத்தஞ்சுல இருந்த துடிப்பு மூணு தடவை நூத்தி நாப்பதுக்குப் போயிருக்கு,” என்றாள் மீட்டர் மேடம். “மூணு தடவையும் நீங்க இவருக்கு அஞ்சு மீட்டருக்குள்ள இருந்திருக்கீங்க சார். நீங்க சலவை அறை வாசல்ல நின்ன சமயத்துல நூத்தி ஐம்பத்திரண்டு.”

“அங்க நான் அக்காகிட்டதானே பேசினேன்?” என்றார் மாஸ்டர்.

“இவருக்கு எதிரொலியாக் கேட்டிருக்கும் சார்.”

மாஸ்டர் எழுந்து வந்து தூணின் தோளில் கை வைத்தார். “இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். என் காலடிச் சத்தத்துக்கு இப்படித் துடிச்ச நெஞ்சை நான் பார்த்ததில்லை. நாளையிலேர்ந்து நீங்கதான் கேப்டன்.”

சரி, தப்பித்தோம் என்றுதான் தூண் நினைத்தான். அப்போது டாக்டர் தொண்டையைச் செருமினார்.

“கேப்டனா இருக்கட்டும். ஆனா மைதானத்துல இறங்கக் கூடாது.”

“ஏன்? துடிப்புதான் வந்துடுச்சே.”

“வந்த துடிப்பு சரியில்லை. பத்து அடி ஒழுங்கா அடிக்குது, பதினோராவதை விட்டுடுது. பயத்துல அப்படி ஆகாது. ரொம்ப நாளா இருக்கும். மருந்தும் ஓய்வும் இல்லாம விட்டா ஒருநாள் மாடிப்படி ஏறும்போது உட்கார்ந்துடும் இந்த நெஞ்சு. கோடுகளைப் பார்த்தா ஒரு ஐம்பது வயசுப் பெண்ணோட நெஞ்சு மாதிரி இருக்கு.”

“அந்த முதிர்ச்சிதான் கேப்டனுக்கு வேணும்,” என்றார் மாஸ்டர்.

தூணுக்கு மாஸ்டர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. சலவை அறையிலிருந்து துணி காயப்போடுகிற மொட்டைமாடிக்கு முப்பத்தாறு படி. ஈரத்துணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருநாளைக்கு ஆறேழு தடவை அக்கா ஏறுவாள். பாதிப்படியில் கொஞ்சநாளாக நின்று நின்று போகிறாள். கேட்டால் படி அழுக்காக இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்வாள்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவன் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டான். “சார், அது நான் இல்ல. ஓடினது வாஷிங் மெஷின். துடிச்சது எங்கக்கா.”

மாஸ்டர் மீட்டர் மேடம் பக்கம் திரும்பினார்.

“பார்த்தீங்களா மேடம்,” என்றார் மாஸ்டர் மெதுவாக. “புகழ்ச்சியைத் தாங்கிக்க முடியல. குழு ஒரு மெஷின் மாதிரி ஓடணும், ஆட்டக்காரங்க கூடப்பிறந்தவங்க மாதிரி இருக்கணும்னு எவ்வளவு அழகா சொல்றார் பாருங்க.” சொல்லிவிட்டு, அந்த வாக்கியத்தை எழுதிவைக்கப் பேனா தேடி வெளியே போனார்.

மீட்டர் மேடம் தூணை உற்றுப் பார்த்தாள். பிறகு திரையில் இருந்த அரை மீட்டர் வட்டத்தைப் பார்த்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவளும் வெளியே போய்விட்டாள். நடைவழியில் அவள் சிரிப்பது கேட்டது.

டாக்டர் மட்டும் எழுந்து, காதுக்குழலை எடுத்துக்கொண்டு தூணின் பின்னால் சலவை அறைக்கு வந்தார். அக்கா சொத்தையாக ஏதோ சாக்குச் சொல்லிப் பார்த்தாள். அவர் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பத்து எண்ணினார். பதினோராவதுக்குத் தலையை ஆட்டினார்.

“இதேதான்.”

“எங்கிட்ட சொன்னா என்னக்கா?” என்றான் தூண்.

“சொன்னா நீ என்ன பண்ணப்போறே, என் நெஞ்சுக்கு முன்னாடி போய் நிக்கப்போறியா?” என்றாள் அக்கா. பிறகு டாக்டரைப் பார்த்துக் கெஞ்சினாள். “டாக்டர், இதைப் பெருசு பண்ணாதீங்க. இவன் பச்சை வாங்கியிருக்கான். நான் மெதுவா படியேறிக்கறேன்.”

“படியே கூடாது. மாத்திரை போடணும். ஆறு வாரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது.” அவர் எழுத ஆரம்பித்து நிறுத்தினார். “ஆனா நான் ஆட்டக்காரங்களுக்குத்தான் மருந்து எழுதலாம். சலவைக்கு இங்க மருத்துவ ஏடு கிடையாது.”

மூன்று பேரும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது ஏதோ சொல்லிவிடும் என்பதுபோல.

“இந்த நெஞ்சோட ரிப்போர்ட் எந்த ஏட்டுல இருக்கு?” என்று டாக்டர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். “ஐந்தாம் எண். அப்ப ஐந்தாம் எண்ணுக்கு எழுதறேன். மாத்திரை ஐந்தாம் எண்ணுக்கு, ஆறு வாரம் முழு ஓய்வு ஐந்தாம் எண்ணுக்கு. ஐந்தாம் எண் யாருங்கறதை நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கோங்க. அது மருத்துவ விஷயம் இல்ல.”

“அப்படின்னா இவன் ஆட்டம்?” என்றாள் அக்கா.

“அவளுக்கே எழுதுங்க டாக்டர்,” என்றான் தூண். “என் எண்ணை அவளுக்குக் குடுங்க.”

“உனக்கு இருக்கறது அந்த ஒரு எண்ணுதான்டா.”

“எனக்கு இருக்கறது ஒரே ஒரு அக்கா. எழுதுங்க டாக்டர்.”

டாக்டர் எழுதினார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே மடித்திருந்த துண்டுகளை எல்லாம் உதறி மறுபடி மடித்தாள்.

சனிக்கிழமை வந்தது. மைதானத்தின் ஓரத்தில் ஆட்டக்காரர்கள் உட்காரும் நீளப் பெஞ்சில், முழங்கால்வரை தொங்குகிற ஐந்தாம் எண் சட்டையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். உள்ளே கறுப்பு பனியன், முதுகில் டப்பி, நெஞ்சில் பட்டி. அப்படி ஒன்றும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு வேலைநாளில் அவள் உட்கார்ந்ததே கிடையாது. மற்ற ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, “கேப்டன், தண்ணி வேணுமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நெட்டையன் இரண்டு தடவை கேட்டான்.

மாஸ்டர் அவள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். ஆட்ட நாளில் அவர் மடியிலிருக்கும் திரையை விட்டுத் தலையை நிமிர்த்துவதில்லை. மைதானம் எதிரே இருக்கிறது என்பதைக் குளிரை வைத்துத்தான் தெரிந்துகொள்வார். அன்றைக்கு அவர் வேறொரு யோசனையும் செய்திருந்தார். பதினோரு பேர் எதற்கு, பத்துப் பேரை இறக்கினால் ஓட்டத்தைப் பத்தாகப் பங்கு போட்டு ஒவ்வொருவர் எண்ணும் ஏறும் என்று கணக்குப் போட்டு, ஐந்தாம் எண்ணுக்குப் பதிலாக யாரையும் இறக்கவில்லை.

ஆட்டம் தொடங்குகிற நேரத்தில் நடுவர் எண்ணிப் பார்த்தார். பதினோரு பேர் இருந்தார்கள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

பதினோராவது ஆளிடம் பழைய ஐந்தாம் எண் சட்டை ஒன்று இருந்தது, வெளுத்தது. டப்பி இல்லை. பட்டி இல்லை. அவன் பின்வரிசையில் போய் நின்றான். மீட்டர் மேடம் அவனைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். அவள் வேலை எண்ணைப் பார்ப்பது. எண்ணில் ஒரு குறையும் இல்லை. பேசாமல் இருந்துகொண்டாள்.

எதிரணி முரட்டு அணி. பத்தாவது நிமிஷத்திலேயே மூன்று பேர் பந்தோடு பாய்ந்து வந்தார்கள். மாஸ்டரின் திரையில் ஒன்பது புள்ளிகள் ஆடுதளத்தின் அந்தக் கோடியில் எண்ணுக்காக ஓடிக்கொண்டிருந்தன. கோல் பக்கத்தில் கீப்பர் புள்ளியைத் தவிர வெறும் புல். மாஸ்டர் பல்லைக் கடித்தார். கோல் விழுந்த சத்தம் வரவில்லை. பந்து எப்படியோ திரும்பிப் போயிற்று.

மறுபடி வந்தார்கள். மறுபடி திரும்பியது. இடைவேளைக்குப் பிறகு நாலு பேர் வந்தார்கள். தூண் இரண்டு அடி வலப்பக்கம் நகர்ந்து நின்றான். பந்து அவன் காலில் வந்து விழுந்தது. அதைத் தூக்கி நெட்டையனிடம் அனுப்பினான். நெட்டையன் எண்ணுக்காக ஓடுகிற ஓட்டத்தில் அப்படியே எதிர்க் கோலுக்குள் ஓடிவிட்டான், பந்தோடு.

“பார்த்தியா கேப்டன்,” என்றார் மாஸ்டர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். உணர்ச்சிவசப்பட்டால் அவருக்கு மரியாதை விட்டுப்போகும். “பின்னாடி ஒரு ஆளும் இல்ல. இருந்தும் பந்து தானா திரும்புது. இன்னிக்கு காத்து நம்ம பக்கம்.”

அக்கா மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதிமூன்று வருஷமாகத் தம்பி ஆடின ஒவ்வொரு ஆட்டத்தின் சட்டையையும் அவள் துவைத்திருக்கிறாள். ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்ததில்லை. அவன் சட்டையில் மட்டும் ஏன் வியர்வை கம்மியாக இருக்கும் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

“துடிப்பும் நல்லா வருது உனக்கு,” என்றார் மாஸ்டர். “எண்பது. ஓய்வுன்னா ஓய்வு. இந்த வாரம் நீதான் டாக்டர் சொன்னதை நூத்துக்கு நூறு கேட்ட ஆள், மொத்தப் பச்சை. அடுத்த வாரமும் இங்கயே உட்காரு. காத்தும் இப்படியே இருந்தா நல்லா இருக்கும்.”

“இருக்கும் சார்,” என்றாள் அக்கா. “ரொம்பப் பழக்கமான காத்து. வயசு முப்பத்தஞ்சாகுது, இன்னும் கல்யாணம்தான் ஆகல.”

மாஸ்டர் தலையை ஆட்டி, அதையும் குறித்துக்கொண்டார்.